சூரியகாந்தியின் முதுகையும் பாருங்கள்

தென்காசியிலிருந்து சுரண்டை போகும் வழியில் இருக்கிறது சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் அங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால், கேரளத்துக் கார்கள் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும். வருபவர்கள் காட்டுக்குள் இறங்கி, பூவின் முகத்துக்குப் பக்கத்தில் தங்கள் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். காட்டுக்காரர் வரப்பில் நின்று, செடி மிதிபடாமல் இருந்தால் போதும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முதன்முதலில் நாற்பது சென்டில் சூரியகாந்தி போட்டபோது நானும் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூ. ஊரே பாராட்டியது. அறுத்து, காயவைத்து, அடித்து, முறத்தில் எடுத்துப் புடைத்தபோது பாதிக்கு மேல் காற்றோடு போய்விட்டது. தோல் இருந்தது, உள்ளே பருப்பு இல்லை, அத்தனையும் பொக்கு. இந்தப் பயிரில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கின்றன என்பது அப்புறம்தான் புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: எதற்காகப் போடுகிறீர்கள்?

விதைக் கடைக்குப் போவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். எண்ணெய்க்குப் போடுவது ஒன்று, கொறிக்கும் விதைக்குப் போடுவது ஒன்று, அழகுக்குப் போடுவது இன்னொன்று. மூன்றுக்கும் விதை வேறு.

எண்ணெய் விதை கறுப்பாக, சிறியதாக, மெல்லிய தோலுடன் இருக்கும். எண்ணெய்ச்சத்து நூற்றுக்கு 35 முதல் 42 வரை போகும்; ஆனால் செக்கில் அவ்வளவும் இறங்காது, மிச்சம் பிண்ணாக்கில் நின்றுவிடும். அந்தப் பிண்ணாக்கை மாடு விரும்பித் தின்னும் என்பதால் அதை நஷ்டமாகக் கருத வேண்டாம். நம் சமையலறைகளில் புழங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வருவது. 2022 பிப்ரவரியில் அங்கே போர் தொடங்கியதும் இங்கே மளிகைக் கடையில் விலை ஏறியது பலருக்கு நினைவிருக்கும்.

கொறிக்கும் விதை பெரியது, வெள்ளைக் கோடுகள் ஓடியது, தடித்த தோலுடையது. எண்ணெய் குறைவு. இதை வாங்கிப் போட்டுவிட்டு எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோனால் விலையில் அடிபடுவீர்கள்.

வயலுக்கான ரகங்களில் ‘மார்டன்’ பழையது, குட்டையானது. 80 நாளில் வேலை முடிந்துவிடும். தண்ணீர் நிச்சயமில்லாத இடங்களில் இன்றும் இதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கோ’ வரிசை ரகங்கள் நம் மண்ணுக்குப் பழகியவை. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச். 1 பெங்களூரிலிருந்து 1980-இல் வந்தது. அதே ஊரின் கே.பி.எஸ்.எச். வரிசை இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. ஒட்டு ரகங்களுக்கு 90 முதல் 95 நாள் ஆகும். விளைச்சல் கூடுதல், பூக்கள் ஒரே சீராக வரும். ஆனால் விதையை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். எடுத்து வைத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு உயரத்தில் நிற்கும். புதியவர்கள் ஒட்டு ரகத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. பூக்கள் ஒரே சமயத்தில் விரிந்தால் வேலையும் ஒரே சமயத்தில் முடியும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு ‘டெடி பேர்’ நல்லது. இரண்டு மூன்று அடிதான் வளரும், பூ பஞ்சுப் பந்து போல இருக்கும். ‘வெல்வெட் குயீன்’ செம்பழுப்பு. ‘மாமத்’ பத்தடியைத் தாண்டும். மாடியில் வைத்தால் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். பூச்சாடிக்கென்று விற்கும் மகரந்தமில்லாத ரகங்கள் மேசைத் துணியில் மஞ்சள் தூளைக் கொட்டாது. பக்கத்தில் வேறு சூரியகாந்தி இல்லையென்றால் விதையும் பிடிக்காது. விதைக்கு ஆசைப்படுபவர் அதை வாங்க வேண்டாம்.

பட்டமும் நிலமும்

சூரியகாந்திக்கு நாள் நீளம் பெரிதாகப் பொருட்டில்லை. ஆண்டு முழுவதும் முளைக்கும், பூக்கும். அதனாலேயே ‘எப்போது வேண்டுமானாலும் போடலாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நம்பாதீர்கள். பூ விரியும் சமயத்தில் விடாமழை பெய்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும், தலையும் அழுகும். விதைத்த நாளிலிருந்து 55 முதல் 60 நாளில் பூ விரியும். அந்த நாளில் உங்கள் ஊரில் வானம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுப் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். மழையை நம்பிப் போடும் மானாவாரிக்கு ஆடிப்பட்டமும் கார்த்திகைப் பட்டமும், தண்ணீர் பாய்ச்சிப் போடும் இறவைக்கு மார்கழியும் சித்திரையும் வழக்கம்.

செம்மண், கரிசல் இரண்டிலும் வரும். தண்ணீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் பயிர் என்பதால் நன்றாக ஆழ உழுது, ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போட்டுக் கடைசி உழவு ஓட்டுங்கள். ரசாயன உரத்தின் அளவை மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் போட்டதையே போடுவது பண விரயம். போன பட்டத்தில் சூரியகாந்தி நின்ற இடத்தில் மறுபடியும் சூரியகாந்தி வேண்டாம். கடலை, சோளம், பயறு என்று எதையாவது இடையில் விட்டுத்தான் திரும்ப வர வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் இடம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. மொட்டாக இருக்கும் வரைதான் செடி காலையில் கிழக்கும் மாலையில் மேற்குமாகத் திரும்பும். பூ முழுதாக விரிந்ததும் தண்டு இறுகி, கிழக்கைப் பார்த்தபடி நின்றுவிடும். ஆகவே நீங்கள் நின்று பார்க்கும் இடத்துக்கு மேற்கே செடி இருக்க வேண்டும். மாற்றி வைத்துவிட்டால் பூக்காலம் முழுவதும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்க வேண்டியதுதான். கிழக்கு முகத்துக்குக் காரணம் உண்டு: காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடேறுகிறது, தேனீக்கள் அந்தச் சூட்டைத் தேடி வருகின்றன. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில தொட்டிகளை மேற்கு முகமாகத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். கிழக்கு பார்த்த பூக்களுக்கு ஐந்து மடங்கு பூச்சிகள் வந்தன என்று 2016-இல் எழுதினார்கள்.

விதைப்பு

ஒட்டு ரகம் என்றால் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும். பார் (மண் மேட்டு வரிசை) பிடித்து, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30; அதாவது இரண்டடிக்கு ஒரு அடி. மற்ற ரகங்களுக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடி. ஆழம் 3 சென்டிமீட்டர், விரலில் ஒரு கணுவைவிடச் சற்றுக் கூடுதல். குழிக்கு இரண்டு விதை.

விதைப்பதற்கு முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து ஒரு நாள் வையுங்கள். அடிச்சாம்பல் நோய் (அடையாளம் பின்னால் சொல்கிறேன்) வரும் பகுதியாக இருந்தால் கிலோவுக்கு 6 கிராம் மெட்டலாக்சில் என்கிற பூஞ்சைக்கொல்லி கலந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி விதை பெரும்பாலும் மருந்து பூசியே வரும், பையின் மேல் எழுதியிருக்கும். அந்த விதையில் மிச்சமானதை வறுத்துத் தின்னவோ கோழிக்குப் போடவோ கூடாது.

நாற்று விட்டுப் பிடுங்கி நடலாமா என்று மாடித் தோட்டக்காரர்கள் கேட்பார்கள். வேண்டாம். ஆணிவேர் அறுந்தால் செடி சவலையாகிவிடும். பையிலேயே நேரடியாக விதையுங்கள். குட்டை ரகத்துக்கு ஓர் அடி ஆழப் பை போதும், பைக்கு ஒரு செடி. ஆறு மணி நேரம் நேர்வெயில் கட்டாயம்.

முதல் முப்பது நாள்

பத்தாம் நாள், குழிக்கு ஒரு நல்ல செடியை விட்டுவிட்டு மற்றதைக் களையுங்கள். புதியவர்களுக்குக் கை வராது. நன்றாக இருக்கும் செடியை எதற்குப் பிடுங்குவது என்று இரண்டையும் விட்டுவைப்பார்கள். இரண்டும் மெலிந்து, இரண்டும் கைப்பிடி அகலத்துக்குப் பூத்து நிற்கும். 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் களை. இரண்டாம் களையோடு தூருக்கு மண் அணைத்துவிட்டால் பின்னால் பூவின் கனத்தில் செடி சாயாது.

தண்ணீரைப் பொறுத்தவரை மூன்று சமயங்களில் ஏமாற்றக்கூடாது: மொட்டு நட்சத்திரம் போலத் தெரியும்போது, பூ விரியும்போது, மணி முற்றும்போது. மற்ற நாட்களில் கொஞ்சம் வாடினாலும் தாங்கும்.

பூக்கும் பத்து நாள்

பொக்கு உருவாவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஆயிரம் பூக்களின் கூட்டம். சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் வெறும் விளம்பரம். அவற்றில் விதை பிடிக்காது. நடுவட்டத்தில் நெருக்கமாக நிற்கும் குழல் பூக்கள்தான் ஆளுக்கொரு விதையைத் தருபவை. அவை எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. விளிம்பிலிருந்து தொடங்கி, நாளுக்கு ஒன்றிரண்டு வட்டமாக உள்நோக்கி விரிந்துகொண்டே போகும். ஒரு காலைப் பொழுதில் பூவை அருகில் இழுத்துப் பாருங்கள். அன்று விரிந்த வட்டத்தில் கறுத்த குழாய்கள் நீட்டிக்கொண்டு, நுனியில் மஞ்சள் தூள் அப்பியிருக்கும், அது மகரந்தம். அதற்கு வெளியே, நேற்று விரிந்த வட்டத்தில் தூள் தீர்ந்து, நாக்கு இரண்டாகப் பிளந்து ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டிருக்கும். அது சூல்முடி, மகரந்தத்துக்காகக் காத்திருப்பது. ஒரே குழல் பூவில் முதல் நாள் ஆண், மறுநாள் பெண். ஒன்றின் தூளை மற்றதன் நாக்கில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் தேனீ.

நான் செய்த பிழை இப்போது விளங்கும். பூவில் பச்சைப்புழு தெரிந்தது. கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுத்து உடனே அடிக்கச் சொன்னார். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்கு அடித்தேன். தேனீ வரும் நேரமும் அதுதான். புழு செத்தது, தேனீயும் செத்தது. செத்தது போக மிஞ்சியவை என் காட்டுப் பக்கமே வரவில்லை.

எனவே பூ விரிந்த பிறகு பூச்சிமருந்து வேண்டாம். புழுவை மொட்டுப் பருவத்திலேயே கவனியுங்கள். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வருவது முன்கூட்டியே தெரியும். அதையும் மீறி வந்தால், பச்சைப்புழுவுக்கென்றே இருக்கும் என்.பி.வி. நச்சுயிரிக் கரைசலை மாலையில் தெளியுங்கள். அது தேனீயைத் தொடாது. ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வைக்க முடிந்தால் விளைச்சலும் கூடும், தேனும் கிடைக்கும்.

தேனீ குறைவாகத் தெரிந்தால் நாமே இறங்க வேண்டும். பனி ஈரம் காய்ந்ததும், எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள், உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூவின் முகத்தை லேசாகத் தடவிக்கொண்டே போங்கள். ஒரு பூவில் ஒட்டிய தூள் அடுத்த பூவில் படும். ஒன்றுவிட்டு ஒரு நாள், மொத்தம் ஐந்து முறை. பக்கத்துப் பக்கத்துப் பூக்களை முகத்தோடு முகம் வைத்து மெல்லத் தேய்ப்பதும் உண்டு. அழுத்தித் தேய்த்தால் நாக்கு ஒடிந்துவிடும். குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஏக்கருக்கு இருபதாயிரத்துக்கும் மேல் பூக்கள் நிற்கும் என்பதால் இது சும்மா இல்லை. ஆள்கூலியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாடியில் பத்துச் செடி வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை.

மஞ்சள் இதழ் விரியத் தொடங்கும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து பூவின் மேல் ஒரு முறை தெளிப்பதும் மணிப் பிடிப்புக்கு உதவும். குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் நிற்கும்; கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொண்டு பிறகு கலக்குங்கள்.

நோய்கள்: இலையைத் திருப்புங்கள்

வாரம் ஒரு நாள் காட்டைச் சுற்றி வரும்போது, பத்துச் செடியிலாவது கீழ் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இலையடியில் செம்பழுப்புப் புள்ளிகள் இருந்து, விரலால் தேய்த்தால் இரும்புத்துரு போல ஒட்டிக்கொண்டால் அது துரு நோய். மேற்புறத்தில் கரும்பழுப்பு வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள் வளையம், கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேரியா இலைக்கருகல். மழையும் ஈரக்காற்றும் இருந்தால் இது வேகமாகப் பரவும். நம் பக்கத்தில் இலையை அதிகம் தின்பது இதுதான். இரண்டுக்கும் தொடக்கத்திலேயே லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்கிற பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கலாம். மேல் இலை வரை ஏறிய பிறகு தெளிப்பது மனத் திருப்திக்குத்தான்.

இலையின் மேல் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் இருந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை தீய்ந்துவிடும். இதையும் அடிச்சாம்பலையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. அடிச்சாம்பல் வந்த செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். இலை தடித்து, நரம்பை ஒட்டி வெளிறும். திருப்பினால் அடியில் வெண்பூசணம். பூத்தாலும் தலை குனியாமல் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். எல்லாச் செடியும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஒன்று மட்டும் அண்ணாந்து நின்றால் சந்தேகப்படுங்கள். பிடுங்கி எரிப்பதுதான் வழி.

நெக்ரோசிஸ் என்கிற நச்சுயிரி நோய்க்கு மருந்தே கிடையாது. 1997-இல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பக்கம் முதலில் தெரிந்தது. இலை நடுநரம்பிலிருந்து காய்ந்து முறுக்கிக்கொள்ளும், தண்டில் கறுப்புக் கோடு ஓடும், மொட்டு வளைந்து விரியாமல் போகும். இதைப் பரப்புவது இலைப்பேன் என்கிற மிகச் சிறிய பூச்சி. நச்சுயிரி ஒளிந்திருப்பது பார்த்தீனியச் செடியில். அதன் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு இலைப்பேன் வருகிறது. எனவே மருந்துக் கடைக்குப் போவதைவிட வரப்பிலுள்ள பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்குவது மேல். விதைப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே காட்டைச் சுற்றி மூன்று நான்கு வரிசை சோளம் போட்டுவிட்டால் காற்றில் வரும் பேன் அதில் தடுக்கிக்கொள்ளும்.

கோடையில் தண்ணீர் குறைந்து, பூக்கும் சமயத்தில் செடி திடீரென்று வாடினால் தூரைக் கீறிப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறமாகி நார் நாராகப் பிரிந்து, கடுகைவிடச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் கரிக்கோல் அழுகல். வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றுக்குத் தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை தொழுவுரத்தோடு ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவைக் கலந்து மண்ணில் போடுங்கள்.

கடைசியாகத் தலை அழுகல். மணி முற்றும்போது மழை பிடித்துக்கொண்டால் வருவது. முகம் நன்றாகத்தான் இருக்கும். முதுகில் நீர் கோத்த மாதிரி ஒரு பழுப்புத் திட்டு, அழுத்தினால் விரல் உள்ளே போகும். புழு கடித்த இடமும் கிளி கொத்திய இடமும்தான் இதற்கு வாசல். அடைமழைக்கு இடையில் வெயில் கிடைத்தால் பூவின் முதுகில் படும்படி மேன்கோசெப் தெளிக்கலாம்.

கிளியும் அறுவடையும்

கிளி காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் வரும். கூட்டமாக வந்து தின்பதைவிடக் கொட்டுவது அதிகம். மினுங்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டினால் ஒரு வாரம் பயப்படும், பிறகு அதிலேயே உட்காரும். தகர டப்பாவும் ஆளும்தான் கடைசி வரை பயன்படுகிறது. தனியாக அரை ஏக்கர் போடுகிறவருக்குச் சேதம் அதிகம். பக்கத்துக் காட்டுக்காரர்களும் சேர்ந்து போட்டால் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மஞ்சள் இதழ் உதிர்ந்ததும் அறுத்துவிடாதீர்கள். பூவைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளாகி, விளிம்புச் செதில்கள் பழுப்பானால் அறுக்கலாம். அறுத்த தலைகளைக் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். களத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது புரட்டி, மூன்று நாள் காயவிட்டுத் தடியால் அடியுங்கள். தூற்றிய பிறகு மறுபடியும் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் நூற்றுக்கு 9-க்கு வந்தால்தான் மூட்டை கட்டலாம். பல்லில் கடித்தால் மடங்காமல் படக்கென்று உடைய வேண்டும். நல்ல இறவையில் ஒட்டு ரகம் ஏக்கருக்கு ஏழெட்டுக் குவிண்டால் தரும். மானாவாரியில் பாதி வந்தாலும் சரிதான். விற்கப் போகும் முன் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். 2024–25-இல் அது குவிண்டாலுக்கு 7,280 ரூபாயாக இருந்தது.

விதைக்கு எடுத்து வைப்பதாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அப்போது அறுத்த விதை உடனே முளைக்காது, ஒன்றரை மாதம் உறங்கும். ‘மார்டன்’ போட்ட வருடம் இது தெரியாமல், அறுத்த பத்தாம் நாளே ஒரு மூலையில் மறுபடியும் விதைத்தேன். இரண்டு வாரம் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தலை காட்டவில்லை. விதை கெட்டுப்போயிற்று என்று அந்த இடத்தில் கடலை போட்டுவிட்டேன். கடலை பூத்து நிற்கும்போது நடுவில் பதினேழு சூரியகாந்தி எழுந்து வந்தது. பிடுங்க மனம் வராமல் விட்டேன். கிளிகள்தான் அறுவடை செய்தன.